மே மாதம் பசிக்காத ஆசிரியர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் கண்டுபிடிப்புகளில் தலையாயது எது என்று யாராவது கேட்டால் ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப் என்று உளறிவைக்காதீர்கள். மே மாதம் பசிக்காத ஆசிரியர். அதுதான்.

ஏப்ரல் முடியும்வரை அவருக்கும் நம்மைப் போல வயிறு உண்டு. வீட்டு வாடகை, பால் பாக்கி, பிள்ளைக்கு ஃபீஸ், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எல்லாம் உண்டு. மே 1-ஆம் தேதி, ஊரெல்லாம் உழைப்பாளர் தினம் கொண்டாடும் நல்ல நாளில், அத்தனையும் தானாக அணைந்துவிடும். ஜூனில் பள்ளி மணி அடித்ததும் மறுபடி பசி எடுக்கும். இப்படி ஓர் உயிரினம் எந்த விலங்கியல் புத்தகத்திலும் இல்லை. சம்பளப் பட்டியலில் இருந்தது. 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வருடத்துக்குப் பதினோரு மாதம்தான் என்று ஆண்டவனுக்கே தோன்றாத ஒரு காலண்டரையும் அன்றைக்கே சேர்த்து அச்சடித்துவிட்டார்கள்.

வேலை, வாரத்துக்கு மூன்று அரை நாள். உடற்கல்விக்குச் சிலர், ஓவியத்துக்குச் சிலர். மிச்சமிருந்தவர்களைத் தொழிற்கல்வி என்ற ஒரே கூடையில் கொட்டினார்கள். அந்தக் கூடையில் தையல், இசை, தோட்டக்கலை, கட்டடக்கலை, வாழ்வியல் திறன். அவற்றுக்கு நடுவே கணினி. வாழ்வியல் திறன் ஆசிரியரைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஐயாயிரத்தில் குடும்பம் நடத்திக் காட்டுகிறவரைவிட அந்தப் பாடம் எடுக்கத் தகுதியானவர் யார்? கணினி படித்து, பி.எட்.டும் முடித்துவிட்டு வந்தவர்தான் பாவம், பாத்திக்கும் பாபினுக்கும் நடுவில் கீபோர்டோடு நின்றார்.

சம்பளம் ஏறவே இல்லை என்று பொய் சொல்லக்கூடாது. 2014-இல் 7,000 ஆனது. 2017-இல் 7,700. எழுநூறு ரூபாய்! அந்த எண்ணைக் கோப்பில் எழுதிய கைக்குக் கொஞ்சமும் கூசவில்லையா? 2021-இல் 10,000, 2024-இல் 12,500. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். ஒவ்வொரு முறையும் கிடைத்தது, அந்தக் கேள்வியை இன்னும் இரண்டு வருடம் கேட்காமல் இருப்பதற்கான சில்லறை.

இந்த மாநிலம்தான் ஆறாம் வகுப்பிலிருந்து செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறது. 2025-இல் வந்த திட்டத்துக்குப் பெயர் டிஎன் ஸ்பார்க். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஏஐ, ரோபோட்டிக்ஸ், இணையவழிக் கருவிகள். நல்ல திட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவன் வாயில் மண். கேள்வி வேறு. யார் நடத்துவது? எந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நின்றாலும் பதில் காதில் விழும்.

"டீச்சர், இந்த வருஷம் ஏஐ உங்களுக்குப் போட்டிருக்கேன்."

"சார், நான் மேத்ஸ்."

"அதத்தான் சொல்றேன். கம்ப்யூட்டர் என்ன பண்ணுது? கணக்குதானே போடுது?"

"அப்ப டென்த் ரிசல்ட்டு?"

"அது இல்லாமலா? அதுவும் நீங்கதான். ஏஐக்கு ட்ரெய்னிங் போட்டிருக்காங்க, போயிட்டு வந்துருங்க. போட்டோ எடுத்து குரூப்ல போட மறந்துடாதீங்க, சி.இ.ஓ. ஆபீஸ்ல கேப்பாங்க."

ஏஐ-க்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார். ஒரு பைசா செலவில்லை. கணக்கு டீச்சர் நாளைக்குப் பத்தாம் வகுப்பில் முக்கோணவியலை நிறுத்திவிட்டு ஏழாம் வகுப்பில் போய், இயந்திரம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று விளக்குவார். தான் எப்போது கற்றுக்கொள்வது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை.

சரி, ஒரு ஹைடெக் லேபுக்குள் போவோம். ஊர்ப் பேர் வேண்டாம், உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கருவறை அல்லவா! சாவி எச்.எம். டிராயரில் இருக்கிறது, எச்.எம். மீட்டிங்கில் இருக்கிறார். அவர் வந்து திறந்ததும் அடைத்துக் கிடந்த ஏசி அறையின் வாடை. வரிசையாக மானிட்டர்கள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. அந்த லேபில் எல்லா இயந்திரமும் ஒருசேரத் துடைக்கப்பட்ட நாள் அதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். யு.பி.எஸ். நிமிஷத்துக்கு ஒருதரம் கீச்சென்று முனகுகிறது. நான்காவது பெட்டிக்கு மவுஸ் கிடையாது, ஆபீசில் ரிப்பேர் என்று எடுத்துப் போனது. ஒரு பெட்டிக்கு மூன்று பிள்ளைகள். நடுவில் உட்கார்ந்த பெண் மவுஸை இரண்டு கையாலும், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறாள். இன்றைக்கு வினாடி வினா. திரையில் வட்டம்.

"சுத்துது மிஸ்."

"சுத்தட்டும். அசையாம உக்காரு."

பீரியட் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. அதற்குள் வட்டம் நின்றால் பிள்ளைகள் விடையைச் சொடுக்கிவிட்டுப் போவார்கள். அது மேலே எங்கோ ஒரு டாஷ்போர்டில் பச்சை நிறப் பட்டையாக நீளும். அந்தப் பட்டையைப் பார்த்து ஒரு அதிகாரி புன்னகை செய்வார்.

பெட்டிகளுக்குக் குறைச்சலே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் சுற்றில் 6,029 பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. அடுத்த சுற்றில் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்கு 1,076 கோடி ரூபாய் ஒப்பந்தம் போனது. 8,209 லேப், 22,931 ஸ்மார்ட் வகுப்பறை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினி. கணக்கில் ஒற்றைப்படை விடாமல் எண்ணி வாங்கத் தெரிந்திருக்கிறது, மெச்சத்தான் வேண்டும். லேபுக்கு ஆளே போடவில்லை என்றும் சொல்ல முடியாது. போட்டார்கள், ஒப்பந்தத்தில். பதவிப் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர் கம் இன்ஸ்ட்ரக்டர். பெயர் மட்டும் கலெக்டருக்கு அடுத்தபடி. அவர் அரசு ஊழியர் கிடையாது, ஆசிரியர் கிடையாது. உள்ளே வந்ததும் அவர் கையில் கொடுக்கப்படுவது ஏஐ பாடநூல் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு எமிஸ் தெரியாது.

எமிஸ் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்பது அதன் முழு நாமம். பிள்ளை வந்ததா, சாப்பிட்டதா, எத்தனை உயரம், எத்தனை எடை, செருப்பு சைஸ் என்ன, பை வந்ததா, வந்த பையைக் கொடுத்தாயா, கொடுத்ததை ஏற்றினாயா? பாடம் நடத்தினாயா என்பது மட்டும் அவ்வளவாகக் கேட்கப்படாத கேள்வி. ஆசிரியர்கள் காலையில் வருகைப் பதிவை ஏற்ற, சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கும் மொட்டைமாடிக்கும் அலைந்தார்கள். "எமிஸ்ல ஏத்திட்டீங்களா?" என்பது பள்ளிகளில் வணக்கத்துக்குப் பதில் வந்த சொல்லாகிவிட்டது. ஆசிரியர் சங்கங்கள் கத்திக் கத்தித்தான் இந்த வேலையை லேபுக்கு வந்த ஒப்பந்தப் பிள்ளைகளின் தலைக்கு மாற்றுகிறோம் என்ற அறிவிப்பே வந்தது. ஆக, கணினி கற்பிக்க வந்தவர் கணினியில் தட்டுகிறார். கணக்கு கற்பிக்க வந்தவர் கணினி கற்பிக்கிறார். கணக்கை யார் கற்பிப்பது என்று கேட்டால் டியூஷன் வாத்தியாரைக் கை காட்டுவார்கள்.

2018-இல் ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் படம் உலகத்தையே சுற்றியது. ரிச்சர்ட் அப்பியா அகோட்டோ. பள்ளியில் ஒரு கணினிகூட இல்லை. மனிதர் கலர் சாக்பீஸ் எடுத்து மைக்ரோசாஃப்ட் வேர்டின் திரையை அப்படியே, மெனு மெனுவாக, பொத்தான் பொத்தானாகக் கரும்பலகையில் வரைந்துவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த நிறுவனமே அவரைச் சிங்கப்பூர் மாநாட்டுக்கு அழைத்துப் போனது, பள்ளிக்குக் கணினிகள் வந்து இறங்கின. நம் கதை அதற்கு நேர்மாறு. இங்கே கணினி வந்து இறங்கிவிட்டது. யாராவது நல்ல ஓவிய ஆசிரியர், அவரும் பகுதிநேரமாகத்தான் இருப்பார், கலர் சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் ஒரு கணினி ஆசிரியரை வரைந்தால் உண்டு. மூக்குக் கண்ணாடியோடு வரையச் சொல்லுங்கள், மே மாதம் அழித்துவிடவும் வசதி.

ஏன் இப்படி? முட்டாள்தனம் என்று நினைக்கிறவர்கள் அதிகாரிகளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பெட்டி வாங்கினால் டெண்டர் உண்டு. திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, மூடியில் ஒட்டப் படம் உண்டு. அது பஞ்சப்படி கேட்காது, பென்ஷன் கேட்காது, ஹைகோர்ட்டுக்குப் போகாது. ஐந்து வருடத்தில் பழசாகிவிடும், அப்போது இன்னொரு டெண்டர். ஒரு கணினி ஆசிரியரை முறையாக நியமித்தால் முப்பது வருடம் சம்பளம் கொடுக்க வேண்டும், அவரால் யாருக்கும் கமிஷன் இல்லை, அவர் முதுகில் தலைவர் படம் ஒட்டவும் முடியாது. டெண்டர் விட முடியாத பொருளை எந்த ஆட்சி வாங்கும்?

இது ஒரு கட்சியின் பாவம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கை தட்ட வேண்டாம். 2011-க்குப் போவோம். சமச்சீர் கல்வியில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினி அறிவியலுக்கென்று பாடநூல்கள் அச்சாகித் தயாராக இருந்தன. ஆட்சி மாறியது. சமச்சீரே வேண்டாம் என்று புது ஆட்சி சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தோற்று, ஆகஸ்டில் புத்தகங்களைக் கொடுத்தது. முந்தைய ஆட்சியின் வாசனை அடித்த பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தது. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அரசு நடத்திய முதல் மாபெரும் கட் அண்ட் பேஸ்ட் பயிற்சி அதுதான் என்று வரலாற்றில் எழுதலாம். கணினிப் புத்தகங்கள் மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகவே இல்லை. அடுத்த மாதமே, செப்டம்பர் 15-இல், இலவச லேப்டாப் திட்டம் கோலாகலமாகத் தொடங்கியது. பாடத்தைப் பிடுங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார்கள். பிறகு நாம் எல்லோரும், பத்திரிகைக்காரர்கள் உட்பட, பையன் லேப்டாப்பில் விஜய் படம் பார்க்கிறான் என்று பல்லைக் கடித்தோம். வேறு எதைப் பார்ப்பான்? அதில் வேறு என்ன செய்யலாம் என்று சொல்லித்தர வேண்டியவர் பி.எட். சான்றிதழை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் இங்கே பல்லாயிரம் பேர். அந்தப் படிப்பை நடத்த அனுமதி கொடுத்ததும், ஃபீஸ் வாங்கியதும், பட்டம் கொடுத்ததும் இதே அரசின் பல்கலைக்கழகங்கள்தான். ஆனால் ஆறு முதல் பத்து வரை கணினிக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடமே கிடையாது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் கணினிக்காரருக்கு உட்கார நாற்காலியே கிடையாது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு எடுப்பார்கள், அதுவும் அத்தி பூத்தாற்போல. 2019-இல் அப்படிப் பூத்தது: 814 கணினிப் பயிற்றுநர் பணியிடம். ஆசிரியர் தேர்வு வாரியம் முதன்முதலாக இவர்களுக்கு ஆன்லைனில் தேர்வு வைத்தது. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையை வாசலில் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சில மையங்களில் சர்வர் படுத்துவிட்டது. கணினி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, கணினி வேலை செய்யாததால் நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அதைச் சரிசெய்யத் தெரியும். அவர்களுக்குத்தான் வேலை இல்லையே! அந்த மையங்களில் மறுதேர்வு வைத்தார்கள்.

டெல்லி மட்டும் சளைத்ததா? 2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம், 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவு என்றது. மூன்றாம் வகுப்பு. பல் விழுந்து முளைக்கிற வயசு. அதே அமைச்சகத்தின் பள்ளிப் புள்ளிவிவரமான யூடைஸ் கணக்குப்படி 2024-25-இல் நாட்டில் கணினி வசதியுள்ள பள்ளிகள் 64.7 விழுக்காடு. மிச்சத்தில் ஏஐயைப் பூசணிக்காயில் காட்டுவார்கள்போல. ஒரே ஒரு ஆசிரியரோடு ஓடும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பதும் அவர்களே கொடுத்த கணக்கு. ஐந்து வகுப்புக்குப் பாடம் நடத்தி, சத்துணவு முட்டையை எண்ணி, வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்து, மூக்கு ஒழுகுகிற பிள்ளையையும் துடைத்துவிடுகிற ஒரு புத்திசாலி இயந்திரம் ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்கு மேல் என்ன நுண்ணறிவு வேண்டுமாம்?

தமிழ்நாட்டிடம் மட்டும் டெல்லிக்குத் தனிப் பிரியம். பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை நிறுத்திவைத்தது. பகுதிநேர ஆசிரியர்களின் சம்பளம் முதற்கொண்டு, அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வாரிசான அந்த சமக்ர சிக்ஷாவின் தலையில்தான் இருந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை, அடி விழுந்தது தொட்டில் பிள்ளைக்கு. கொள்கைக்காக எதிர்த்தோம் என்கிறது சென்னை, சரி, நானும் அந்தக் கொள்கையின் பக்கம்தான். அதற்காக மாநில நிதியிலிருந்து இவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று எந்தக் கொள்கை சொன்னது?

கணக்கு டீச்சர் ஏஐ நடத்தவே முடியாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால் நடத்துகிறார்கள். கேரளத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் கணினிப் பாடத்தைப் பெரும்பாலும் மற்ற பாட ஆசிரியர்களே எடுக்கிறார்கள். 2024 மே மாதம் அங்கே 80,000 ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சி தொடங்கியது. ஆம், அங்கே மே மாதத்திலும் ஆசிரியர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அதுவும் மூன்று நாள் பயிற்சிதான். ஆனால் அந்த மூன்று நாளுக்கு முன்னால் இருபது வருடம் இருக்கிறது. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, பிறகு கைட் என்ற அரசு நிறுவனமாக்கி, ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களை எடுத்து, விலையில்லா மென்பொருளில் பழக்கி, அதைப் பாடமாக்கிப் பரீட்சையும் வைத்து, பள்ளிக்குப் பள்ளி லிட்டில் கைட்ஸ் என்று பிள்ளைகளின் குழு அமைத்து, பிறகுதான் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் ஏஐ வந்தது. நாமும் கேரளத்தைப் பார்த்துக் கற்காமல் இல்லை. அங்கே பார்த்தோம், கைட்டை விட்டுவிட்டுக் கெல்ட்ரானை அழைத்து வந்தோம்.

2021 திமுக தேர்தல் அறிக்கையில் 181-வது வாக்குறுதி, பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் செய்யப்படுவார்கள் என்றது. அந்த எண்ணைத் தங்கள் குழந்தையின் பிறந்த தேதியைவிட நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள் அவர்கள். அதைத் தட்டியில் எழுதி எடுத்துக்கொண்டு, சென்னையில் பள்ளிக் கல்வி இயக்ககம் இருக்கும் டிபிஐ வளாகத்துக்கு வருவார்கள். அந்த வளாகத்துக்கே இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. பெயரை மாற்ற ஒரு ஆணை போதுமானதாக இருந்திருக்கிறது. வருகிறவர்களைப் போலீஸ் குண்டுக்கட்டாக வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைக்கும், மத்தியானம் சாம்பார் சாதம் போடும், சாயங்காலம் விட்டுவிடும். அரசு செலவில் அவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கும் ஒரே பயிற்சி முகாம் அது.

வருடா வருடம் கொடுக்கும் கோரிக்கை மனுவை அவர்கள் புதிதாக அடிப்பதும் இல்லை. 2012-க்குப் பிறகு அடித்த கோப்பு ஒன்று பென்டிரைவில் இருக்கிறது. மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கு என்று தொடங்கும். ஜெயலலிதா, ஓ.பன்னீர்செல்வம், எடப்பாடி கே.பழனிசாமி, மு.க.ஸ்டாலின் என்று மேலே பெயரையும் கீழே தேதியையும் மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார்கள்; நடுவில் ஒரு எழுத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. கன்ட்ரோல் எச், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தை நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அவர்களிடம் இல்லை.